சதுரங்கத்தில் காலாளும் ஏடும்

விளையாட்டு விதிகள் இரு வகைப்படும். கண்ட மாத்திரத்தில் விளங்குவன ஒரு வகை. காரணம் அறிந்தாலன்றி விளங்காதன மற்றொரு வகை. சதுரங்கத்தில் யானை நேர்கோட்டில் செல்வதும், குதிரை தாவிப் பாய்வதும், காலாள் நேரே நகர்ந்து மூலைவாட்டில் வெட்டுவதும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஒரு முறை சொன்னால் சிறுவனும் புரிந்துகொள்வான். ஆனால் காலாளுக்கென்றே தனித்ததொரு வெட்டு இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் வந்து நிற்கும் பகைக் காலாளை, அது நிற்காத வேறொரு கட்டத்துக்குச் சென்று வெட்டி எடுக்கும் வெட்டு அது. புதிதாக ஆடப் பழகும் மாணவன் இதை முதன்முதல் தன்மேல் ஒருவர் கையாளும்போது, “இது அழுகுணி ஆட்டம்!” என்று கூவுவது இயல்பே. பிரெஞ்சு மொழியில் இவ்வெட்டை ‘ஆன் பாசான்’ என்பார்கள். தமிழில் இதற்குப் பொருத்தமான தொடர் நம் வழக்கிலேயே உள்ளது. போகிறபோக்கில் வெட்டுதல் என்று நாம் அதை அழைக்கலாம்.

இவ்விதி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பதையும், சதுரங்க ஆட்டத்தை ஏட்டில் எழுதும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதையும் இங்கே காண்போம். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு, நெருங்கிய தொடர்பே உண்டு. அது மட்டுமன்று, இவ்வரலாற்றில் சென்னை மாநகரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனை நம் மாணவர்களுள் பலர் அறியார்.

சதுரங்கம் இந்திய நாட்டில் தோன்றியது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையை உடையதாதலால் அதற்குச் சதுரங்கம் என்று பெயர். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னனின் அவையில் இருந்த பாணகவி தமது நூலில் இவ்வாட்டத்தைக் குறிப்பிடுகிறார். இங்கிருந்து பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. அவர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. தமிழில் இதற்கு ‘ஆனைக்குப்பு’ என்ற பழம்பெயரும் உண்டு. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். சித்தர் வடிவில் வந்த சிவபெருமான் அரசகுமாரி இராஜராஜேசுவரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்று அத்தலத்து வரலாறு கூறும். இறைவனே வந்து ஆடினான் என்று சொல்லும் அளவுக்கு இவ்வாட்டம் நம்மவர் வாழ்வில் வேரூன்றியிருந்தது.

அந்தப் பழைய ஆட்டத்தில் காலாளின் நிலை யாது? பொதுவாக அவன் ஒரு கட்டத்துக்குமேல் ஒரே ஆட்டத்தில் நகர இயலாது. சில ஊர்களில் சில காலாள்களுக்கு மட்டும் முதல் நகர்வில் சலுகை இருந்ததுண்டு. ஆயினும் ஓரடி வைத்துச் செல்வதே பெருவழக்கு. எதிர்க்கோடியை அடைந்த காலாள் தன் விருப்பப்படி எக்காயாகவும் ஆகிவிடவும் இயலாது. எந்த வரிசையில் சென்று சேர்ந்தானோ, அந்த வரிசைக்குரிய காயாகவே மாறுவான். குதிரை வரிசையில் சென்றவன் குதிரை ஆவான். யானை வரிசையில் சென்றவன் யானை ஆவான். இன்றுள்ளவாறு அரசனையும் யானையையும் ஒருசேர நகர்த்திக் கோட்டை கட்டும் வழக்கமும் அங்கு இல்லை. முற்றுகைக்கு ஆளாகாத அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப்போல் பாயலாம் என்பதே வழக்கமாக இருந்தது. இத்தகைய முறையே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நம் நாட்டுத் திண்ணைகள் பலவற்றில் ஆடப்பட்டு வந்தது.

ஓரடிக் காலாள்களைக் கொண்ட ஆட்டம் மெல்ல நகரும். இரு படைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கே பல நகர்வுகள் கழிந்துவிடும். பொறுமை மிகுந்த நம்மவர்க்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஐரோப்பியருக்குத் தோன்றியது. ஸ்பெயின் நாட்டின் காஸ்டீல் பகுதியை ஆண்ட பத்தாம் அல்போன்சோ மன்னன் 1283-இல் எழுதுவித்த விளையாட்டு நூலிலேயே, காலாள் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம் என்ற செய்தி காணப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இன்னும் பெரிய மாறுதல்கள் நேர்ந்தன. ஒரே ஒரு கட்டம் மூலைவாட்டில் நகர்ந்து வந்த மந்திரி, பலகை முழுவதும் பாயும் அரசியாக உருமாறிற்று. ஆட்டம் விரைவு பெற்றது.

விரைவு வந்தபோது ஒரு வழக்கும் கூடவே வந்தது. அதை விளக்குவதற்குக் கொடைக்கானல் மலையையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் சாலை அமைவதற்கு முன் கொடைக்கானலுக்குச் செல்வோர் பெரியகுளத்துப் பக்கமிருந்து நடைபாதை வழியாக ஏறினர். நடந்தோ, குதிரை மீதோ, டோலியில் அமர்ந்தோதான் செல்ல வேண்டும். வழியில் இருக்கும் ஒவ்வொரு தங்குமிடத்தையும் தொட்டே செல்ல வேண்டும். அங்கே காவல் ஒன்று இருந்தால், அக்காவலனின் கண்ணில் படாமல் மேலே செல்ல இயலாது. பின்னர் வத்தலக்குண்டு வழியே சாலை வந்தது. வண்டிகள் விரைந்து ஏறத் தொடங்கின. ஆயினும் மலைச்சாலையில் ஒரு சாவடி இருக்குமானால், “நான் விரைவாக வந்துவிட்டேன், ஆகவே சாவடிக்கு என்மேல் உரிமை இல்லை” என்று வண்டிக்காரன் சொல்ல முடியுமா? விரைந்து செல்லச் சலுகை கொடுத்தவர்கள், சாவடியைப் பொருட்படுத்தாமல் செல்லச் சலுகை கொடுக்கவில்லை.

சதுரங்கத்திலும் நிலைமை இதுவே. என்னுடைய காலாள் ஒன்று எதிரியின் எல்லைக்குள் முன்னேறி நிற்கிறது. அதன் முன்னே இருபுறமும் மூலைவாட்டில் உள்ள இரண்டு கட்டங்கள் அதன் காவலில் உள்ளவை. பழைய முறையில், அடுத்த வரிசையில் நிற்கும் பகைக் காலாள் முன்னேற வேண்டுமானால், என் காவலில் உள்ள கட்டத்தில் ஒருமுறை கால் வைத்தே தீர வேண்டும். அப்போது அதை வெட்டவோ விடவோ எனக்கு உரிமை உண்டு. இரண்டு கட்டம் செல்லும் சலுகை வந்ததும், அப்பகைக் காலாள் என் காவற்கட்டத்தைத் தாண்டி என் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறது. பாடுபட்டு முன்னேறிய என் காலாளின் உரிமை பறிபோகிறது. இந்த அநீதியை நீக்குவதற்கே போகிறபோக்கில் வெட்டும் விதி ஏற்பட்டது. இரண்டடி வைத்த காலாளை, அது ஓரடியே வைத்ததுபோலக் கருதி, அது தாண்டிச் சென்ற கட்டத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்பதே விதியின் உட்கருத்து. ஆகவே அது அழுகுணி ஆட்டம் அன்று. அழுகுணி ஆட்டத்தைத் தடுக்க வந்த நீதி.

இனி அவ்விதியைத் துல்லியமாகக் கூறுவோம். அதற்கு முன் பலகைக் கட்டங்களுக்கு வழங்கும் பெயர்களை அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து நெடுவரிசைகளுக்கு முறையே ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று பெயர். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரையில் குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள். ஒரு கட்டத்தில் எந்த நெடுவரிசையும் எந்தக் குறுக்கு வரிசையும் சந்திக்கின்றனவோ, அவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால் அதுவே அக்கட்டத்தின் பெயர். வெள்ளை அரசன் தொடக்கத்தில் நிற்பது இ1. கறுப்பு அரசன் நிற்பது இ8. 

வெள்ளைக் காலாள் ஒன்று இ5 என்னும் கட்டத்தில் நிற்கிறது என்று கொள்வோம். கறுப்பு தன் காலாளை டி7-இலிருந்து ஒரே நகர்வில் டி5-க்குக் கொண்டுவந்து வைக்கிறது. இப்போது வெள்ளைக் காலாள் இ5-இலிருந்து டி6-க்கு மூலைவாட்டில் நகர்ந்து, டி5-இல் இருக்கும் கறுப்புக் காலாளைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். இதற்கு நிபந்தனைகள் நான்கு. வெட்டுவதும் வெட்டுப்படுவதும் காலாள்களாகவே இருத்தல் வேண்டும். வெட்டும் காலாள் தன் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாம் வரிசையில் நிற்க வேண்டும். வெட்டுப்படும் காலாள் அடுத்த நெடுவரிசையில் இரண்டு கட்டத்தை ஒரே நகர்வில் தாண்டி வந்ததாக இருக்க வேண்டும்; ஓரடி ஓரடியாக இரண்டு முறை நகர்ந்து வந்ததானால் இவ்விதி செல்லாது. நான்காவது நிபந்தனையே மிக முக்கியமானது. வெட்டுவதானால் அடுத்த நகர்விலேயே வெட்டிவிட வேண்டும். வேறோர் ஆட்டம் ஆடிவிட்டுப் பிறகு வந்து, “அப்போது விட்டதை இப்போது எடுத்துக்கொள்கிறேன்” என்றால் அது நடவாது.

எல்லா நாட்டாரும் இவ்விதியை ஒருங்கே ஏற்றுக்கொண்டனர் என்று எண்ண வேண்டா. இத்தாலியர் நெடுங்காலம் இதை ஏற்கவில்லை. இரண்டடி வைக்கும் காலாள் பகைக் காலாளின் காவலைக் கடந்து செல்லலாம் என்பதே அவர்களது முறை. ‘போரைக் கடந்து போதல்’ என்ற பொருளுடைய தொடரால் அதை அவர்கள் அழைத்தனர். 1880-ஐ ஒட்டியே அம்முறை கைவிடப்பட்டது. வெவ்வேறு நாட்டார் கூடி ஆடும் போட்டிகள் பெருகப் பெருக, ஊருக்கொரு விதி என்பது இயலாததாயிற்று. பொதுவிதி ஒன்று நிலைத்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மற்ற வெட்டுகள் செல்லுமா, செல்லாவா என்பதைப் பலகையைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். யானையின் நேரே பகைக்காய் நின்றால் வெட்டலாம், நில்லாவிட்டால் இல்லை. ஆனால் இ5-இல் வெள்ளைக் காலாளும் டி5-இல் கறுப்புக் காலாளும் அருகருகே நிற்பதை ஒருவர் புதிதாக வந்து பார்த்தால், போகிறபோக்கில் வெட்டும் உரிமை வெள்ளைக்கு இருக்கிறதா என்று அவரால் கூற இயலாது. அக்கறுப்புக் காலாள் இப்போதுதான் வந்ததா, முன்னரே வந்ததா? ஓரடியில் வந்ததா, இரண்டடியில் வந்ததா? இவற்றைப் பலகை சொல்லாது. நடந்தது என்ன என்பதை அறிந்தவர்களே சொல்ல முடியும். அதாவது, இந்த உரிமை காய்கள் நிற்கும் நிலையைப் பொறுத்ததன்று. ஆட்டத்தின் வரலாற்றைப் பொறுத்தது. ஒரே நிலை மூன்று முறை தோன்றினால் ஆட்டம் சமன் என்று ஆடுபவர் கோரலாம் என்றொரு விதி உண்டு. அங்கும்கூட, காய்கள் அதே இடங்களில் நின்றாலும், ஒருமுறை போகிறபோக்கில் வெட்டும் உரிமை இருந்து மறுமுறை இல்லாமற்போனால் அவ்விரண்டும் ஒரே நிலையாகக் கொள்ளப்படா. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவை வரலாற்றால் வேறுபடுகின்றன.

வரலாறு என்று வந்துவிட்டால் அதற்குச் சாட்சி வேண்டும். ஆடும் இருவரும் இரு விதமாகச் சொன்னால் யார் தீர்ப்பது? ஆட்டத்தை நகர்வு நகர்வாக எழுதிவைக்கும் ஏடே அந்தச் சாட்சி. காலாளின் இந்தத் தனி வெட்டையும் ஆட்டம் எழுதும் முறையையும் ஒன்றாகப் பேச வேண்டும் என்று முதலில் கூறியதன் காரணம் இதுதான்.

ஆட்டத்தை எழுதும் எண்ணம் மிகப் பழையது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அல்-அத்லி, அஸ்-ஸூலி முதலிய அரபுப் புலவர்கள் சதுரங்க நூல்கள் எழுதினர்; வெல்லும் வழியைக் கண்டுபிடிக்குமாறு சவாலாக அமைத்த காய்நிலைகள் அந்நூல்களின் வழியே காக்கப்பட்டன. 1475-ஐ ஒட்டி ஸ்பெயினின் வாலென்சியா நகரத்தில் மூன்று கவிஞர்கள் சேர்ந்து ஒரு முழு ஆட்டத்தையே 64 செய்யுள்களில் பாடிவைத்தார்கள். புதிய அரசியைக் கொண்ட ஆட்டங்களுள் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அஃது ஒன்று. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கவி பாடிக்கொண்டிருக்க முடியுமா? பிற்கால நூலாசிரியர்கள், “வெள்ளை அரசனுக்கு முன் நிற்கும் காலாள் இரண்டு கட்டம் செல்க” என்று முழு வாக்கியமாக எழுதினர். ஏடு நிரம்பியது, கருத்து நிரம்பவில்லை.

இதற்கு எளிய வழி கண்டவர் ஐரோப்பியரல்லர். சிரியா நாட்டு அலெப்போ நகரத்தவரான பிலிப் ஸ்டாம்மா என்பவர் 1737-இல் பாரிஸில் வெளியிட்ட நூலில், கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்துக் குறிக்கும் முறையைக் கையாண்டார். மேலே நாம் கண்ட முறைக்கு அதுவே முன்னோடி. ஆயினும் ஆங்கிலேயர் அதனை உடனே ஏற்கவில்லை. அவர்கள் ‘அரசன் வரிசையில் நான்காம் கட்டம்’ என்று காயின் பெயரால் கட்டத்தைக் குறித்தனர். அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுவது அம்முறை. ஆகவே வெள்ளைக்கு நான்காம் கட்டமாக இருப்பது கறுப்புக்கு ஐந்தாம் கட்டமாயிற்று. ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர்கள். நம் நாட்டிலும் ஆங்கில நூல்களைப் பயின்றோர் நெடுநாள் இம்முறையிலேயே எழுதினர். 1981 முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் எழுத்தும் எண்ணுமான முறையொன்றையே ஏற்றுக்கொண்டது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1824-இல் எடின்பரோ நகரத்தாரும் இலண்டன் நகரத்தாரும் அஞ்சல் வழியாகச் சதுரங்கப் போட்டி தொடங்கினர். அது 1828 வரை நடந்தது. அவ்வாண்டிலேயே நம் நாட்டில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே அத்தகைய போட்டி ஒன்று தொடங்கிற்று. இரயில் இல்லை; தந்தி இல்லை. ஒரு நகர்வை எழுதி அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். எழுத்துமுறை இல்லையேல் அந்தப் போட்டியே இல்லை. எழுதுவதில் ஓர் எண் பிழைத்தாலும் ஆட்டமே பிழைத்துவிடும். அப்போட்டியில் சென்னைக் கட்சியின் ஆட்டத்தை முதன்மையாக நடத்தியவர் குலாம் காசிம் என்ற சென்னைவாசி. அவரும், சென்னை அரசாங்க அலுவலராக இருந்த ஜேம்ஸ் காக்ரேன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து, அவ்விரு ஆட்டங்களையும், ‘முசியோ’ எனப்படும் தொடக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியையும் 1829-இல் சென்னையிலேயே நூலாக அச்சிட்டு வெளியிட்டனர். இந்திய முறை வழங்கிய நாட்டில் வாழ்ந்த ஒருவர், ஐரோப்பிய முறையிலான ஆட்டத்தை ஆராய்ந்து, ஐரோப்பியரும் மதிக்கும் நூலைப் படைத்தார் என்பது சிறிய செய்தியன்று.

இன்றும் உலகெங்கும் உள்ள சதுரங்க நூல்களில் குலாம் காசிமின் பெயரால் ஒரு தொடக்க ஆட்டம் வழங்குகிறது. மாணவர்கள் பலகையை வைத்துக்கொண்டு ஆடிப் பார்க்கட்டும். முதலில் வெள்ளைக் காலாள் இ4, கறுப்புக் காலாள் இ5. அடுத்து வெள்ளை எஃப்4 என்று ஒரு காலாளைப் பலியாகக் கொடுக்கிறது; கறுப்பு இ5-இலிருந்து எஃப்4-இல் வெட்டி ஏற்கிறது. மூன்றாவது, வெள்ளைக் குதிரை எஃப்3. கறுப்புக் காலாள் ஜி5. நான்காவது, அரசன் அருகில் நின்று மூலைவாட்டில் செல்லும் வெள்ளைக் காய் சி4; கறுப்புக் காலாள் ஜி4 வந்து குதிரையைத் தாக்குகிறது. ஐந்தாவது, வெள்ளை தன் குதிரையைக் காப்பாற்றாமல் காலாளை டி4-க்கு நகர்த்துகிறது. குதிரை போனாலும் போகட்டும். படைகள் விரைந்து வெளிவந்து பகையரசனைச் சூழட்டும் என்பது இதன் நோக்கம். இந்த நான்கைந்து வாக்கியங்களையும் நம் எழுத்துமுறையில் ஒரே வரியில் அடக்கிவிடலாம்.

இதே நிலையில் நம் காலாள் விதியையும் சோதித்துப் பார்க்கலாம். நான்காவது நகர்வு முடிந்ததும் கறுப்புக் காலாள்கள் எஃப்4, ஜி4 என்னும் கட்டங்களில் நிற்கின்றன. கறுப்பின் பக்கத்திலிருந்து எண்ணினால் அது ஐந்தாம் வரிசை. அப்போது வெள்ளை டி4 ஆடாமல், ஹெச்2-இல் உள்ள காலாளை ஹெச்4-க்கு இரண்டடி வைத்தால், கறுப்பு அதைப் போகிறபோக்கில் வெட்டலாம். வெட்டும் காலாள் சென்று நிற்பது ஹெச்3. எழுதும்போது ‘ஜி×ஹெச்3’ என்றே எழுத வேண்டும். ஹெச்4 என்று எழுதலாகாது. வெட்டுப்பட்ட காலாள் எங்கே இருந்தது என்பதை ஏடு குறிப்பதில்லை. வெட்டிய காலாள் எங்கே சென்று சேர்ந்தது என்பதையே குறிக்கிறது. தேர்வில் மாணவர்கள் பிழை செய்யும் இடமும் இதுவே. ஆனால் டி4 என்று ஆடிய காலாளை இவ்வாறு வெட்ட இயலாது. ஏனெனில் அதன் பக்கத்து நெடுவரிசைகளான சி, இ இரண்டிலும் நான்காம் வரிசையில் கறுப்புக் காலாள் இல்லை.

குலாம் காசிமுக்கு முன்னரே மற்றொரு முயற்சியும் நடந்தது. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பார் வடமொழியில் இயற்றிய சதுரங்க நூல் ஒன்று ஆங்கிலமாக்கப்பட்டு 1814-இல் பம்பாயில் வெளிவந்தது. ஐரோப்பிய ஆட்டமுறைக்கு இசையத் திருத்தப்பட்டது என்று அதன் தலைப்பே கூறுகிறது. இரண்டு முறைகளும் சந்தித்த காலத்தில், இரண்டையும் கற்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் அமைத்த பெருமை இத்தகையோருக்கு உரியது.

கல்கத்தாவிலும் இத்தகைய சந்திப்பு நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் அங்கே மகேசசந்திர பானர்ஜி என்ற வங்காளியோடு பல ஆட்டங்கள் ஆடினார். இவர் சென்னைக் காக்ரேனின் வேறானவர். பானர்ஜி ஐரோப்பியரைப் போலக் காலாள்களை இரண்டடி பாயவிடவில்லை. டி6, ஜி6 என்று ஓரடி ஓரடியாக வைத்து, பின்னிருந்து மூலைவாட்டில் காவல் செய்தார். ஓரடிக் காலாள்களோடு பழகிய இந்திய ஆட்டத்தின் சாயல் அதில் தெரிகிறது என்பர். அக்காலத்து ஐரோப்பியருக்கு இது விந்தையாகப் பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அதே முறை ஆராய்ந்து வளர்க்கப்பட்டு, இந்தியத் தற்காப்பு என்ற பெயரிலேயே உலகப் பெருவீரர்களின் ஆயுதமாயிற்று. காக்ரேன் அந்த ஆட்டங்களை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பியிராவிட்டால் பானர்ஜியின் பெயரும் அவர் முறையும் கல்கத்தாவோடு மறைந்திருக்கும்.

இதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் பஞ்சாபிலிருந்து ஒருவர் புறப்பட்டார். 1905-இல் பிறந்த மீர் சுல்தான் கான் இளமையில் கற்றது இந்திய முறை. ஐரோப்பிய முறையை அவர் வளர்ந்த பிறகே கற்றார். காலாளின் இரண்டடியும், போகிறபோக்கில் வெட்டும், கோட்டை கட்டுதலும் அவருக்குப் பிற்காலப் பாடங்கள். தொடக்க ஆட்ட நூல்களில் ஊறி வளர்ந்தவரும் அல்லர். அவ்வாறிருந்தும் 1929, 1932, 1933 ஆகிய மூன்றாண்டுகளில் பிரிட்டிஷ் வெற்றிவீரர் பட்டத்தைப் பெற்றார். 1930–31-இல் ஹேஸ்டிங்ஸ் நகரப் போட்டியில், உலக வெற்றிவீரராக விளங்கியிருந்த கபபிளாங்காவையே தோற்கடித்தார். பிறகு தாயகம் திரும்பினார். அதன்பின் உலக அரங்கில் ஆடவில்லை. 1966-இல் மறைந்தார். 2024-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் என்ற கௌரவப் பட்டத்தை அளித்தது. அவர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எதைக் கொண்டு இப்பட்டத்தை அளித்தார்கள்? அவர் ஆடிய ஆட்டங்கள் ஏட்டில் இருந்தன. அந்த ஏடுகளே அவருக்காகப் பேசின.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர்த் திண்ணைகளிலும் மண்டபங்களிலும் ஆடிய வல்லுநர்கள் எத்தனை பேர்! அவர்களுள் பானர்ஜியைப் போன்றவரும் சுல்தான் கானைப் போன்றவரும் இருந்திருக்க மாட்டார்களா? அவர்கள் கண்ட நுட்பங்கள் மாலையில் காயைப் பெட்டியில் இட்டதோடு முடிந்துவிட்டன. மகன் தந்தையிடம் கண்ணால் கண்டு கற்றான். கண்டது போக எஞ்சியதெல்லாம் மறைந்தது. ஒவ்வொரு தலைமுறையும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அறிவு குறைந்ததால் நாம் பின்தங்கவில்லை. அறிந்ததை எழுதாததால் பின்தங்கினோம்.

எழுதிவைத்தலின் பயனை அறியக் கொடைக்கானலில் இருப்போர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் அம்மலையின் மேல் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே வானம் தெளிந்த நாட்களில் கதிரவனைப் படம் எடுத்து வைத்தார்கள். ஒரு நாள் படத்தைத் தனியே பார்த்தால் அதில் சில கரும்புள்ளிகளே தெரியும். நூறாண்டுப் படங்களை அடுக்கி வைத்துப் பார்த்தாலோ, கதிரவனின் மாறுதல்களே வரலாறாக விரிகின்றன. 1909-இல் எவர்ஷெட் என்ற அறிஞர், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். சதுரங்க ஏடும் அத்தகையதே. ஓர் ஆட்டத்தின் ஏடு ஒரு நாளைய படம். பல்லாயிரம் ஆட்டங்களின் ஏடு ஒரு கலையின் வரலாறு.

தமிழ்நாடு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. பர்மாவில் 1935-இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய வெற்றிவீரராக விளங்கினார். 1972-இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை அவர் தொடங்கினார். சோவியத் நாட்டுச் சதுரங்க நூல்கள் எழுத்தும் எண்ணுமான முறையிலேயே அச்சிடப்பட்டவை. மொழி தெரியாதவரும் அம்முறையில் எழுதிய ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்க இயலும். அக்கழகத்தில் ஆடி வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த். அவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000-இல் முதன்முறையாக உலக வெற்றிவீரர் பட்டம் பெற்றார். 2022-இல் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் உலக வெற்றிவீரர் ஆனார். இங்கிருந்து புறப்பட்டுச் சென்ற விளையாட்டு, உலகைச் சுற்றி, புதிய விதிகளோடும் எழுத்தோடும் தாய்வீடு திரும்பியதன் பயன் இவை.

மாணவர்களுக்கு இதிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. விசித்திரமாகத் தோன்றும் விதியைக் கண்டால் உடனே வெறுத்துவிடாமல், எந்த அநீதியை நீக்க அது வந்தது என்று கேளுங்கள். காலாள் எளியவன், பலகையில் மிகச் சிறியவன். அவன் பாடுபட்டு அடைந்த உரிமையை மற்றொருவனின் வேகம் பறித்துவிடக் கூடாது என்பதற்காக உலகம் ஒரு தனி விதியே செய்தது. மற்றொன்று, நீங்கள் ஆடும் ஆட்டத்தை எழுதி வையுங்கள். தோற்ற ஆட்டத்தைத் தவறாமல் எழுதி வையுங்கள். போகிறபோக்கில் வெட்டும் உரிமை ஒரு நகர்வோடு தீர்ந்துவிடும். ஏட்டில் ஏறிய ஆட்டமோ, ஆடியவர் போன பின்பும், அடுத்து வருபவனுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கும்.